ஜப்திக்குப் போன காலுறை இயந்திரம்

ஒரு பையன் பின்னல் இயந்திரத்தில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருக்கிறான். வேலை பாதியில் இருக்கிறது. வீட்டு வாடகை பாக்கிக்காக வீட்டுச் சொந்தக்காரர் அந்த இயந்திரத்தைக் கைப்பற்றிவிடுகிறார். பையன் அங்கே தொழில் பழக வந்தவன். வாடகை தர வேண்டியவர் அவனுடைய முதலாளி. இயந்திரம் அந்த முதலாளிக்கும் சொந்தமில்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று பேசி அவர் வேறொருவரிடமிருந்து வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். இயந்திரத்தின் சொந்தக்காரர் வீட்டின் சொந்தக்காரர் மீது வழக்குப் போட்டார். 1744ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொது வழக்கு நீதிமன்றம் அதில் தீர்ப்புச் சொன்னது. ‘சிம்ப்சன் எதிர் ஹார்ட்டாப்’ என்று அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் இருக்கிறது.

வழக்கின் தலைப்பில் உள்ள இரண்டு பெயர்களும் சொந்தக்காரர்களுடையவை. ஒருவர் இயந்திரத்தை வாடகைக்கு விட்டவர், மற்றவர் வீட்டை வாடகைக்கு விட்டவர். இரண்டு வாடகையையும் சுமந்த பின்னல்காரருக்கும், கையில் வேலையோடு உட்கார்ந்திருந்த பையனுக்கும் அந்தத் தலைப்பில் இடமில்லை. வாடகை பாக்கிக்குப் பொருளை எடுக்கும் உரிமையின் வரலாறு முழுவதும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். அதனால்தான் வழக்கில் வாதாடியவர்களை விட்டுவிட்டு இயந்திரத்தின் பின்னாலேயே போய்ப் பார்க்க விரும்பினேன். அது போன வழி நாட்டிங்ஹாம்ஷயர் கிராமம் ஒன்றில் தொடங்கிச் சென்னைப் பட்டணத்துக் கோர்ட்டு வரைக்கும் வருகிறது.

இயந்திரம் பிறந்தது 1589இல். நாட்டிங்ஹாம் அருகே கால்வர்டன் என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ அதைச் செய்தார். அதுவரை காலுறையை ஊசிகளைக் கையில் பிடித்து, ஒரு நேரத்தில் ஒரு கண்ணி என்று பின்னிக்கொண்டிருந்தார்கள். லீ ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி ஊசி வைத்தார். நுனி கொக்கியாக வளைந்த ஊசிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் மேல் நூலைக் குறுக்கே போட்டதும் மெல்லிய தகடுகள் இறங்கி, ஊசிகளுக்கு நடுவே நூலை அழுத்திச் சுருக்கு ஆக்கும். பிறகு ஒரு கம்பி இறங்கிக் கொக்கிகளின் வாயை மூட, பழைய வரிசைக் கண்ணிகள் புதிய வரிசையின் மேல் வழுக்கி விழும். ஒரு வரிசைக் கண்ணிகள் முழுதும் ஒன்றாகவே முடிந்துவிடும். திருப்பூரில் இன்று பனியன் துணி பின்னும் மெஷின்களின் கண்ணி வேலைக்கு மூலம் இதுதான்.

எலிசபெத் ராணி இதற்குக் காப்புரிமை தர மறுத்தார் என்று சொல்லப்படுகிறது. கையால் பின்னிப் பிழைப்பவர்கள் பிச்சையெடுக்க நேரும் என்பது அவர் சொன்ன காரணமாம். லீ பிரான்சுக்குப் போய் ரூவான் நகரில் தொழில் நடத்தினார். அந்த நாட்டிலேயே இறந்தார். இயந்திரம் இங்கிலாந்துக்குத் திரும்பி முதலில் லண்டனிலும், பிறகு லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர், டெர்பிஷயர் கிராமங்களிலும் வேர்விட்டது.

அது தொழிற்சாலைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் வந்தது. மரச்சட்டத்தில் இரும்பு வேலைப்பாடு. உட்காரும் பலகையும் அதோடு சேர்ந்தே இருக்கும். இரண்டு கால்களும் மிதிகளை மாறி மாறி மிதிக்க, இரண்டு கைகளும் இரும்புச் சட்டத்தை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். வெளிச்சத்துக்காக இயந்திரத்தைச் சன்னலோரம் போடுவார்கள். பின்னல்காரர் வீடு என்று தெரியும்படி நீளமான சன்னல்கள் இருக்கும். இருட்டியதும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை மெழுகுவர்த்திக்கு முன்னால் வைத்து வெளிச்சத்தை ஊசி வரிசை மேல் குவிப்பார்கள். ஆண் பின்ன, குழந்தைகள் நூல் சுற்ற, தட்டையாக வந்த துண்டைப் பெண் மடித்துத் தைத்துக் காலுறையாக்குவாள். ஒரு குடும்பத்தின் எல்லாக் கைகளும் அந்த ஒரு பொருளை நம்பி இருந்தன.

அதை விலைக்கு வாங்கப் பெரும்பாலோரிடம் பணம் இல்லை. காலுறை வியாபாரிகளும், முதலீடாக இயந்திரம் வாங்கிப் போட்ட மற்றவர்களும் வார வாடகைக்கு விட்டார்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாடகை போக வேண்டும். வேலை குறைந்த காலத்தில் இருக்கிற கொஞ்ச வேலையையும் நிறைய இயந்திரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அப்படிச் செய்தால் எல்லா இயந்திரத்துக்கும் வாடகை வந்துவிடும், கூலி மட்டும் எவருக்கும் வயிற்றுக்குப் போதாது. 1779இல் இயந்திர வாடகையையும் கூலியையும் ஒழுங்குபடுத்தக் கேட்ட மசோதாவை நாடாளுமன்றம் தள்ளியபோது நாட்டிங்ஹாமில் கலவரம் வெடித்தது.

இப்படி ஒருவருக்கு வாடகை தந்து எடுத்த பொருள், இன்னொருவருக்கு வாடகை தந்து குடியிருக்கும் கூரைக்குக் கீழே இருந்தது. இங்கே வீட்டுச் சொந்தக்காரரின் பழைய உரிமை குறுக்கே வருகிறது.

அந்த உரிமை நிலப்பிரபுக்களின் காலத்தது. குத்தகை வராவிட்டால் நிலச் சொந்தக்காரர் குடியானவனின் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். கோர்ட்டு உத்தரவு தேவையில்லை. தானே போகலாம், ஆளை அனுப்பலாம். ஆனால் மாட்டை விற்க முடியாது. பாக்கி வரும் வரை பிடித்துவைக்கும் அடகு அது, அவ்வளவுதான். உழவு மாட்டை, வேறு ஏதாவது கிடைக்கும்வரை தொடக் கூடாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே விதி வந்துவிட்டது. அளவுக்கு மீறி எடுக்கக் கூடாது என்று 1267ஆம் ஆண்டின் மார்ல்பரோ சட்டம் சொன்னது.

1689இல் நிலைமை மாறிற்று. எடுத்த பொருளை 5 நாளில் மீட்காவிட்டால், சத்தியம் செய்த இருவர் மதிப்புப் போட்டதும் விற்றுவிடலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது. மிரட்டிப் பணம் வாங்க வைத்திருந்த பிடி, அன்றிலிருந்து சாமானை ஏலத்துக்குக் கொண்டுபோகும் வழியாகிவிட்டது. 1737இல் இன்னொரு சட்டம் வந்தது. ஜப்திக்குப் பயந்து சாமானை மறைத்து வெளியே கடத்திவிட்டால், 30 நாளுக்குள் எங்கே இருந்தாலும் தேடிப் போய் எடுக்கலாம். கடத்தியவரிடமும் உதவியவரிடமும் பொருளின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு வாங்கலாம். ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்து ஓடுவது ஆங்கில ஏழைகளின் வாழ்க்கையில் ஒரு வழக்கமாகவே ஆனதற்கு இந்தச் சட்டங்கள் காரணம். சூரியன் மறைந்த பிறகு ஜப்தி செய்யக் கூடாது, பூட்டிய வாசற்கதவை உடைக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளை நம்பித்தான் அவர்கள் வண்டி கட்டினார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமையான விதி ஒன்று இருந்தது. வீட்டுக்குள் கிடக்கும் பொருள் யாருடையது என்ற கேள்வியே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவைத்த பெட்டியாக இருக்கலாம், உள்வாடகைக்கு இருக்கும் விதவையின் கட்டிலாக இருக்கலாம்; அந்தக் கூரைக்குக் கீழே இருந்தால் பொதுவாக அது வாடகைக்குப் பொறுப்பு. சிம்ப்சனின் பின்னல் இயந்திரம் இப்படித்தான் மாட்டிக்கொண்டது.

தலைமை நீதிபதி ஜான் வில்ஸ் எழுதிய தீர்ப்பு அதுவரை சிதறிக் கிடந்த விதிகளை ஒழுங்காக அடுக்கியது. எதையெல்லாம் வாடகைக்கு எடுக்கக் கூடாது என்று ஐந்து வகை சொன்னார். கட்டடத்தோடு பதிந்தவை, தொழில் செய்பவரிடம் வேலைக்காகப் பிறர் கொடுத்துவைத்தவை, அதாவது கொல்லன் பட்டறையில் லாடம் கட்ட வந்த குதிரை, தையற்காரரிடம் தைக்கக் கொடுத்த துணி போன்றவை, கதிர்க்கட்டுகள், உழவு மாடும் ஏர்ச் சாமான்களும், தொழிற்கருவிகள். கதிர்க்கட்டுக்குச் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. தூக்கிக்கொண்டு போகும்போதே மணி உதிர்ந்துவிடும். அடகாக எடுத்ததை எடுத்தபடியே திருப்பித் தர முடியாது. பழைய அடகு நியாயத்தின் மிச்சம் அது.

இந்த ஐந்தில் முதல் மூன்றுக்கும் முழுப் பாதுகாப்பு. கடைசி இரண்டுக்கும், உழவுக்கும் தொழிற்கருவிக்கும், நிபந்தனையோடு கூடிய பாதுகாப்புத்தான். வாடகையை ஈடுகட்ட வேறு சாமான் வீட்டில் இருந்தால் கருவி தப்பும். வேறு எதுவும் போதாவிட்டால் கருவியையும் எடுக்கலாம். யோசித்துப் பாருங்கள். வேறு சாமான் உள்ளவர் கொஞ்சம் வசதியானவர். கருவியைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்தான் பரம ஏழை. அவருடைய கருவிக்குத்தான் இந்த விதியில் காவல் இல்லை.

சிம்ப்சனின் வழக்கில் வேறு சாமான் போதவில்லை. அப்படியானால் இயந்திரம் போயிருக்க வேண்டும். அதைக் காப்பாற்றியது அந்தப் பையனின் கை. ஒருவன் ஏறிப் போகிற குதிரையையும், மரம் வெட்டிக்கொண்டிருப்பவன் கையில் உள்ள கோடரியையும் ஜப்தி செய்யக் கூடாது என்பது பழைய விதி. பிடுங்கினால் கைகலப்பு வரும், ஊர் அமைதி கெடும் என்பதே அதற்குக் காரணம். எடுத்த சமயத்தில் பையன் அதில் காலுறை பின்னிக்கொண்டிருந்தான். பயன்பாட்டில் இருந்த பொருளை எடுத்தது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. சிம்ப்சன் வென்றார்.

பையன் அந்நேரம் சாப்பிடப் போயிருந்தால்? அதற்கான பதிலை 1792இல் ‘கோர்ட்டன் எதிர் ஃபாக்னர்’ வழக்கு கொடுத்துவிட்டது. கருவி அந்த நேரத்தில் வேலையில் இல்லை, வேறு சாமானும் போதவில்லை என்றால் தாராளமாக எடுக்கலாம் என்று மன்றம் உறுதியாகச் சொன்னது. ஆக, ஒரு குடும்பத்தின் சோறு, ஜப்திக்காரர் உள்ளே நுழையும் வேளையில் கை எங்கே இருந்தது என்பதைப் பொறுத்ததாயிற்று. தெருச் சண்டையைத் தவிர்க்க வந்த விதி அது. பிழைப்பைக் காக்க வந்ததாக அதை யாராவது எழுதினால் நான் ஏற்க மாட்டேன்.

இயந்திரத்தின் பிற்கால வாழ்க்கையில் உலகம் அறிந்த பகுதி 1811, 1812ஆம் ஆண்டுகள். லுட்டைட்டுகள் என்று பேர் வாங்கிய பின்னல்காரர்கள் இரவில் இயந்திரங்களை உடைத்தார்கள். உடைப்பவருக்குத் தூக்குத் தண்டனை என்று நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தம் முதல் பேச்சிலேயே அதை எதிர்த்தார். இதைப்பற்றிப் பலர் எழுதிவிட்டதால் நான் நிற்கவில்லை.

பேசப்படாத இரண்டு ஆண்டுகள் 1843, 1874. பின்னல் தொழிலுக்காக 1843இல் வந்த சட்டம், தொழிலாளியிடம் வேலைக்காக ஒப்படைக்கப்பட்ட இயந்திரங்களையும் தறிகளையும் வீட்டு வாடகைக்கு ஜப்தி செய்யக் கூடாது என்றது. கை அதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. நல்ல விதிதான். ஆனாலும் யாருடைய பொருளை அது காத்தது என்று பார்க்க வேண்டும்: வியாபாரியின் பொருளை. பின்னல்காரர் மிச்சம் பிடித்துத் தானே வாங்கிய இயந்திரத்துக்கு அது பொருந்தாது. அடுத்த ஆண்டு எடுத்த கணக்கில் நாட்டில் 48 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் இருந்தன. அவற்றின் வார வாடகையைக் கூலியில் பிடிக்கும் வழக்கத்தை 1874ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஒழித்தது. அதற்குள் நீராவித் தொழிற்சாலைகள் வந்து கைப்பின்னல் இயந்திரத்தின் காலமே முடியத் தொடங்கியிருந்தது. மிஞ்சியவற்றில் சில ரடிங்டன் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இயந்திரம் நின்றுவிட்டாலும் அதற்குச் சொன்ன விதி நிற்கவில்லை. 1882இல் அது இங்கே வந்தது.

மாகாணத் தலைநகரச் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டம் என்பது அந்த ஆண்டின் 15ஆம் சட்டம். அதன் எட்டாம் அத்தியாயம் முழுக்க வாடகை ஜப்தி. கல்கத்தாவைப்போலச் சென்னைப் பட்டணத்து வீட்டுச் சொந்தக்காரரும் வாடகை பாக்கி என்று மனுப் போட்டு வாரண்ட் வாங்கலாம். கோர்ட்டு அமீனா வந்து குடியிருப்பவரின் அசையும் சொத்தை எடுப்பார். இங்கிலாந்தைவிட இரண்டு வகையில் இது மேல். சொந்தக்காரர் தானே நுழைய முடியாது, கோர்ட்டின் ஆள்தான் வர வேண்டும். பாக்கிக்காரருக்குச் சொந்தமான பொருளைத்தான் எடுக்கலாம், கூரைக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் எடுக்க முடியாது. 12 மாதத்துக்கு மேற்பட்ட பழைய பாக்கிக்கு இந்த வழி கிடையாது. சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடையில்தான் வரலாம் என்பது அப்படியே லண்டன் விதி. ஆட்சேபிக்கப் பாக்கிக்காரருக்குக் கொடுத்த அவகாசம் 5 நாள். 1689ஆம் ஆண்டின் அதே 5 நாள்.

எடுக்கக் கூடாதவற்றின் பட்டியலும் அந்தச் சட்டத்தில் உண்டு. அதன் முதல் வரி, ஜப்தி நேரத்தில் ஒருவர் கையில் உண்மையில் பயன்பாட்டில் உள்ள பொருள். இரண்டாவது, பயன்பாட்டில் இல்லாத கருவிகள், ஆனால் வேறு சாமான் போதுமானதாக இருந்தால் மட்டும். அந்தப் பையனின் கையும், வில்ஸ் போட்ட நிபந்தனையும் 138 ஆண்டுகள் கழித்துச் சென்னைச் சட்டத்தில் வரிக்கு வரி உட்கார்ந்திருக்கின்றன. ஜார்ஜ் டவுனில் ஒற்றை அறை எடுத்துத் தைப்பவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டைத் துணி ஊசிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தால் மெஷின் தப்பும். காஜா எடுக்க நூல் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறார், அறையில் ஒரு பாயும் இரண்டு பாத்திரமும் தவிர வேறில்லை என்றால், மெஷின் அமீனாவோடு போகும்.

என்னை வருத்தும் விஷயம் இனித்தான். அதே 1882ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் உரிமையியல் நடைமுறைச் சட்டம். கடன் வழக்கில் தோற்றவரின் சொத்தை ஜப்தி செய்யும்போது கைவினைஞரின் கருவிகளைத் தொடக் கூடாது என்று அது சொன்னது. உழவரின் ஏர்ச் சாமானும், பிழைப்புக்குத் தேவையான மாடும் விதைநெல்லும் கூடாது என்றது. கை அதில் இருந்ததா, வேறு சாமான் உண்டா என்று அது கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்து எண் கொண்ட இரண்டு சட்டங்கள். ஒரே அரசு, ஒரே ஆண்டு. கடன் கொடுத்தவர் வழக்காடி, தீர்ப்பு வாங்கிக்கொண்டு வந்தாலும் தையல் மெஷினை எடுக்க முடியாது. வீட்டுக்காரர், வழக்கை முழுதாக நடத்தாமலேயே, வாரண்டோடு வந்து எடுக்கலாம். வாடகைக்குக் கொடுத்த இந்தத் தனிச் சலுகைக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மளிகைக்காரரின் பாக்கியும் பாக்கிதான், வைத்தியரின் பாக்கியும் பாக்கிதான்.

1908ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 60ஆம் பிரிவு கருவிகளோடு, உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றையும் ஜப்தியிலிருந்து விலக்குகிறது. தாலி தப்புவது இந்தப் பிரிவால்தான்.

இங்கிலாந்து மெதுவாகத் திருந்தியது. 1871இல் உள்வாடகைக்கு இருப்பவரின் சாமானுக்கும், 1908இல் மற்றவர்களின் சாமானுக்கும் பாதுகாப்பு வந்தது. தவணை முறையில் எடுத்த பொருள் போன்ற சிலவற்றை அந்த 1908 சட்டம் இந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கிவைத்தது. நடுவே 1888இல், தொழிற்கருவிகளுக்கு 5 பவுண்டு மதிப்பு வரை விலக்குக் கிடைத்தது. ஸ்காட்லாந்து 2008இல் வாடகை ஜப்தியை எடுத்துவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 ஏப்ரல் 6ஆம் தேதி பழைய உரிமை முழுதாக ஒழிந்தது. குடியிருப்பு வீடுகளில் வாடகைக்காக இப்படிச் சாமான் எடுக்கவே முடியாது. கடை, அலுவலகம் போன்ற வணிக இடங்களுக்கு மட்டும் ஒரு புதிய நடைமுறை உண்டு. அதிலும் 1,350 பவுண்டு வரை தொழிற்கருவிகளைத் தொடக் கூடாது.

இங்கே நம் ஊரில் நடப்பது வேறு மாதிரி. வாரண்டும் இல்லை, அமீனாவும் இல்லை. இரண்டு மாத வாடகை நின்றதும் அறைக்கு இன்னொரு பூட்டு விழுகிறது. உள்ளே லேப்டாப், தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, பெண்ணின் பள்ளிச் சான்றிதழ். பாக்கியைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போ என்பது பேச்சு. அந்தக் கருவி உள்ளே இருக்கும்வரை பாக்கியைச் சம்பாதிக்கவே முடியாது என்பதை எவரும் கேட்பதில்லை. வீட்டுக்காரரிலும் அந்த வாடகையை நம்பி மருந்து வாங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பாக்கி வர வேண்டியதே. ஆனால் வழி அது இல்லை. குத்தகையை ஆளும் 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், குடியிருப்பவரின் சாமானைப் பிடித்துவைக்கும் உரிமையை வீட்டுச் சொந்தக்காரருக்குத் தரவில்லை. 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் பாக்கிக்கும் காலி செய்வதற்கும் வாடகை நீதிமன்றத்தைக் காட்டுகிறது. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதையும் தடுக்கிறது. சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம்.

வாடகைக்கு இருப்பவர்கள், தொழில் சாமான் வாங்கிய பில்லையும், அது அறையில் இருக்கும் ஒரு போட்டோவையும் வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள், பாக்கி இருந்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போங்கள். பூட்டைக் கையில் எடுக்காதீர்கள், ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே திறந்து மெஷினைக் கொடுத்துவிடுங்கள்.